கேள்வி–பதில்: தோகை விரிந்தால் முட்டைக் காலம்

தைப்பூசத்தை ஒட்டி வந்த இதழில், பினாங்கில் வீட்டுத் தோட்டத்தில் மயில் வளர்ப்பது பற்றி அரைப் பக்கக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். அன்று முதல் வந்துகொண்டிருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை முட்டையைப் பற்றியே கேட்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். நான் கால்நடை மருத்துவன் அல்லன். செபராங் பிறையில், பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் பல ஆண்டுகளாக நீல மயில் வளர்த்து, கெடுத்த முட்டைகளிலிருந்து பாடம் கற்றவன்.

*என்னிடம் இரண்டு வயது முடிந்த பெண் மயில்கள் மூன்றும், நான்கு வயது ஆண் ஒன்றும் உள்ளன. சித்திரையில் முட்டையிடும் என்று தமிழ்நாட்டிலுள்ள என் மைத்துனர் சொன்னார். ஆனியும் பிறந்துவிட்டது, ஒரு முட்டைகூடக் காணோம். கொட்டகையில் இரவு விளக்குப் போட்டால் முட்டையிடும் என்கிறார் தீவனக் கடைக்காரர். செய்யலாமா ஐயா?*
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

உங்கள் மைத்துனர் சொன்னது அவர் ஊருக்குச் சரி. தென்னிந்தியாவில் மயில்களின் இனப்பெருக்கம் ஏப்ரல், மே மாதங்களில் உச்சத்தில் இருக்கும். வட இந்தியாவில் ஜூனில். இலங்கையிலோ ஜனவரி முதல் மார்ச் வரையிலேயே. ஒரே பறவை, ஊருக்கு ஊர் மாறுகிறது என்றால், அது நாள்காட்டியைப் பார்த்து முட்டையிடவில்லை என்பது தெளிவு. பகல் நீளுவது, மழை இறங்குவது, அதனால் புழு பூச்சியும் தளிரும் பெருகுவது ஆகியவற்றைக் கண்டே அதன் உடல் தயாராகிறது. தில்லியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. சென்னையில் அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நம் பினாங்கிலோ 40 நிமிடத்துக்கும் குறைவு. கோலாலம்பூரில் அதிலும் பாதிதான். ஆகவே இந்நாட்டில் பகல் வெளிச்சம் மயிலுக்கு உரக்க எதுவும் சொல்வதில்லை. மழையும் தீவனமும் இறகு உதிரும் சுழற்சியுமே பேசுகின்றன. ஒருவர் கொட்டகையில் மாசியில் தொடங்கினால், பத்து மைல் தள்ளி இன்னொருவர் கொட்டகையில் வைகாசியில் தொடங்குவதில் வியப்பில்லை.

அதனால் மாதத்தை விட்டுவிட்டு ஆண் மயிலின் தோகையைப் பாருங்கள். தோகை முழு நீளத்துக்கு வளர்ந்து, அது காலையும் மாலையும் விரித்து ஆடி, இரவிலும் அகவத் தொடங்கினால் காலம் நெருங்கிவிட்டது என்று பொருள். பெண் மயில்கள் வேலியோரம் நடை போடுவதும், மூலையில் மண்ணைக் காலால் கீறிப் பள்ளம் பறிப்பதும், சிப்பி ஓட்டுத் தூளைத் தேடித் தின்பதும் அடுத்த அறிகுறிகள். உங்கள் ஆணின் தோகை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. அது உதிரத் தொடங்கிவிட்டதென்றால் இந்தப் பருவம் கையை விட்டுப் போய்விட்டது. இனி அடுத்த தோகைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். பெண் மயில்கள் பொதுவாக இரண்டாம் வயதில் முட்டையிடத் தொடங்கும் என்றாலும், மூன்றாம் வயது வரை இழுத்தடிப்பவையும் உண்டு.

விளக்கைப் பொறுத்தவரை, கோழிப் பண்ணைகளில் வெளிச்சத்தை 14 முதல் 16 மணி நேரம் வரை நீட்டி முட்டையிட வைப்பது உண்மை. மயிலும் அதற்கு ஓரளவு இணங்கும். ஆனால் ஆணுக்கும் அதே வெளிச்சம் சில வாரங்களுக்கு முன்பிருந்தே கிடைக்காவிட்டால், பெண் முட்டையிடும், முட்டையில் கரு இருக்காது. மூன்று பெண்களை வைத்திருக்கும் ஒருவர் இந்தச் சிக்கலில் இறங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. மயிலே மயிலே என்றால் இறகு போடாது என்பார்கள். முட்டைக்கும் அது பொருந்தும்.

*முட்டைக் கோழிக்குப் போடும் தீவனத்தையே மயிலுக்கும் போடலாமா? விருந்தினர் வரும்போது சோறும் ரொட்டியும் கொடுக்கிறார்கள். மயில்களும் ஆசையாகத் தின்கின்றன.*
– வாசகி, பட்டர்வொர்த்

போடலாம், ஆனால் அது மட்டும் போதாது. முட்டைக் கோழித் தீவனத்தில் புரதம் பெரும்பாலும் 16 அல்லது 17 விழுக்காடுதான் இருக்கும். முட்டையிடும் பெண் மயிலுக்கு 18 முதல் 20 வரை வேண்டும். மாறாக, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து நாள்தோறும் முட்டையிடும் கோழிக்கு ஏற்றபடி 4 விழுக்காட்டை ஒட்டி இருப்பதால், முட்டையே இடாத ஆண் மயில் அதை மாதக்கணக்கில் தின்றால் சிறுநீரகத்துக்குச் சுமையாகும். நான் செய்வது இதுதான்: வளரும் கோழிக்கான புரதம் மிகுந்த தீவனத்தை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துவிட்டு, சிப்பி ஓட்டுத் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைப்பேன். தேவைப்படும் பெண் வந்து தின்னும். ஆண் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கடைத் தீவனம் வாங்கும்போது மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படித்து, அதில் மருந்து கலந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இந்த ஏற்பாட்டை முட்டை வந்த பிறகு தொடங்கிப் பயனில்லை. தோகை முக்கால் பங்கு வளர்ந்திருக்கும்போதே, அதாவது நாலைந்து வாரம் முன்னதாகவே, தொடங்கிவிட வேண்டும்.

சோறும் ரொட்டியும் கொழுப்பைத்தான் ஏற்றும். கொழுத்த பெண் மயிலுக்கு முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வாலைத் தாழ்த்தி, முக்கி முக்கி உட்கார்ந்து எழுகிறது என்றால் நாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், இளஞ்சூடான, அமைதியான பெட்டியில் வைத்து அன்றே மருத்துவரிடம் கொண்டு போங்கள். விருந்தினர் கையில் நறுக்கிய காங்கோங் கீரையோ பப்பாளித் துண்டோ கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் மகிழ்ச்சி, மயிலுக்கும் கேடில்லை. இன்னொன்று: நம் ஊர்ப் புழுக்கத்தில் தீவனம் விரைவில் பூஞ்சை பிடிக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று மூன்று மாத மூட்டையை வாங்கி அடுக்காதீர்கள்.

*முட்டைகள் தினமும் மாலையில் தரையில் உடைந்து கிடக்கின்றன. பகலெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்; எப்போது இடுகிறது என்றே தெரியவில்லை. குரங்கு வேலையா, மயிலே உடைக்கிறதா?*
– வாசகர், நிபோங் திபால்

நீங்கள் எழுதியதில் விடை இருக்கிறது: மாலையில். கோழியைப் போலக் காலையில் முட்டையிட்டுவிட்டுக் கொக்கரிக்கும் வழக்கம் மயிலுக்கு இல்லை. பெரும்பாலும் பிற்பகல் சாய்ந்த பிறகு, பல வேளைகளில் அந்தி மயங்கும் நேரத்தில்தான் இடும்; அதுவும் தினமும் இடாது, ஒரு நாள் விட்டு ஒரு நாள். தினமும் உடைந்து கிடக்கிறது என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்கள் இடுகின்றன என்று கொள்ளலாம். அந்த நேரத்தில் அவை ஏற்கெனவே உயரத்துக் கட்டையில் ஏறி அமர்ந்திருக்கும். இடம் பிடிக்காத இளம் பெண் மயில் இறங்கி வராமல், உட்கார்ந்த இடத்திலேயே முட்டையை நழுவ விட்டுவிடும். என் கொட்டகையில் முதல் பருவத்தில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். ஏழு மணி வாக்கில் கட்டையில் இருந்த பெண் ஒன்று, வாலைச் சற்று உயர்த்தி, ஒரு கால் மாற்றி நின்றது. அடுத்த நொடி சிமெண்டுத் தரையில் ‘சொத்’தென்று ஓசை. அது கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. கழுத்தை உள்ளிழுத்து உறங்கப் போய்விட்டது.

ஆகவே மூன்று காரியங்கள் செய்யுங்கள். கட்டைக்கு நேர் கீழே அரை அடி ஆழத்துக்கு மணல் கொட்டி, அதன்மேல் காய்ந்த லாலாங் புல்லைப் பரப்புங்கள். விழுந்த முட்டையில் பாதியாவது பிழைக்கும். பருவம் முடியும் வரை கட்டையை மூன்றடி உயரத்துக்கு இறக்கிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெண் மயில் விரும்பும் மறைவான இடத்தை உண்டாக்கிக் கொடுங்கள். பழைய லாரி டயரில் மணலும் புல்லும் நிரப்பி, இருண்ட மூலையில் வைத்து, முன்னால் ஒரு பலகையையோ தென்னை ஓலையையோ சாய்த்து வைத்தால் போதும். டயருக்குள் வாத்து முட்டை அளவில் மரமுட்டை ஒன்றைப் போட்டு வைத்தால், ‘இங்கே ஏற்கெனவே ஒருத்தி இட்டிருக்கிறாள்’ என்று நம்பி அதுவும் அங்கேயே இடும். தகரக் கூரையின் கீழ் வெயில் நேரத்தில் அனல் வீசும் மூலையை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

குரங்கின் மேல் பழி போட அவசரப்பட வேண்டாம் என்றாலும், அதை முற்றிலும் விடுவிக்கவும் முடியாது. மயில் முட்டையைக் குரங்குக் குட்டி உருட்டி விளையாடும் செய்தி சங்கப் புலவர்கள் காலத்திலிருந்தே நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் இங்கே முட்டைக்குப் பெரிய பகை உடும்பும் மரநாயும் மலைப்பாம்புமே. ஓடு சிதறிக் கிடந்து மணலில் மஞ்சள் கரு ஊறியிருந்தால் விழுந்து உடைந்தது. எதுவுமே இல்லாமல் முட்டை முழுதாக மறைந்திருந்தால் வந்து போனவன் வேறு. தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையடித்து, அதன் அடிப்பகுதியை ஓரடி ஆழத்துக்கு மண்ணில் புதைத்துவிடுங்கள்.

*இடப்பட்ட 11 முட்டைகளில் 9 கூமுட்டை. ஆண் மயில் நன்றாக ஆடுகிறது. என்ன குறை?*
– வாசகர், கோலாலம்பூர்

ஆடுவது வேறு, கரு ஏற்றுவது வேறு. ஆணின் வயதை நீங்கள் குறிப்பிடவில்லை. இரண்டு வயது ஆண் குட்டைத் தோகையோடு ஆர்வமாக ஆடும். சிலவற்றுக்குக் கருவும் ஏறும். ஆனால் மூன்று வயதாகித் தோகை முழுமை பெற்ற பிறகே நம்பலாம். ஓர் ஆணுக்கு மூன்று முதல் ஐந்து பெண்கள் வரை அளவு. இரண்டு ஆண்களை ஒரே அடைப்பில் விட்டிருந்தால், ஒன்று சேரும்போது மற்றது மோதிக் கெடுக்கும். இடம் குறுகலாக இருந்தாலும் இதே விளைவுதான்: தோகையோடு திரும்ப முடியாத எட்டடிக்குக் குறைந்த அகலத்தில் சேர்க்கை சரியாக நடக்காது. பருவத்தின் முதல் ஓரிரு முட்டைகளும், ஆணுக்குத் தோகை உதிரத் தொடங்கிய பிறகு வரும் முட்டைகளும் கருவின்றிப் போவது இயல்பு. அந்த 9 முட்டைகள் எப்போது வந்தவை என்று குறித்து வைத்திருந்தால் விடை உங்களுக்கே தெரிந்துவிடும்.

*கடையில் வாங்கிய இன்குபேட்டரில் 8 முட்டை வைத்தோம். அதனுடன் வந்த கையேட்டில் உள்ளபடி இரண்டு வாய்க்காலிலும் தண்ணீர் ஊற்றி, ஒரு நாளும் வற்றவிடாமல் பார்த்துக்கொண்டோம். 27 நாள் வரை எல்லா முட்டையிலும் அசைவு தெரிந்தது. பிறகு ஒன்றுகூடப் பொரியவில்லை. உடைத்துப் பார்த்தால் முழுக் குஞ்சு, சுற்றிலும் நீர். என் மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. எங்கே தவறினோம்?*
– வாசகி, பாலிக் பூலாவ்

அம்மா, தவறு உங்களுடையது அன்று, கையேட்டினுடையது. முதல் ஆண்டில் நானும் இதே தவறைச் செய்து 7 முட்டையில் 6 குஞ்சுகளை இழந்தேன். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அடைகாக்கும் 28 நாள்களில் அவற்றின் வழியாக முட்டையிலுள்ள நீரில் ஒரு பங்கு ஆவியாகி வெளியேற வேண்டும். அப்படி வெளியேறும் அளவுக்கு, முட்டையின் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். பொரிவதற்கு முன் குஞ்சு தன் மூக்கால் அந்தக் காற்றறையைத்தான் முதலில் குத்தி, பிறந்து முதல் மூச்சை அங்கேதான் இழுக்கிறது. பெட்டிக்குள் ஈரம் மிகுதியானால் நீர் வெளியேறாது, காற்றறை வளராது, குஞ்சு பருத்து நீரில் நெருங்கி மூச்சு முட்டிப் போகும். உங்கள் முட்டைகளில் நீங்கள் கண்டது இதுதான்.

கையேட்டை எழுதியவர் குளிர்நாட்டுக் காற்றை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார். குளிர்ந்த வறண்ட காற்றைச் சூடாக்கினால் அது மேலும் வறண்டுபோகும். அங்கே தண்ணீர் ஊற்றாமல் முடியாது. நம் காற்று அப்படியன்று. 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருக்கும் பாலிக் பூலாவ் காற்று பெட்டிக்குள் போய் 37.5 டிகிரிக்குச் சூடானால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே அதன் ஈரப்பதம் 50 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். முதல் 25 நாள்களுக்கு அதுவே போதும்; மழைநாளில் அதுவும் அதிகம். அதன்மேல் இரண்டு வாய்க்கால் தண்ணீரையும் சேர்த்தால் முட்டையை ஆவியில் வைத்ததற்கு ஒப்பாகும். ஆனால் பெட்டியை ஏர்கண்டிஷன் ஓடும் படுக்கையறையில் வைத்திருந்தால் கணக்கு தலைகீழாகும். 24 டிகிரியில் 55 விழுக்காடாக உள்ள காற்று பெட்டிக்குள் 25 விழுக்காடாகக் குறைந்துவிடுவதால், அப்போது ஒரு வாய்க்காலில் தண்ணீர் வேண்டியிருக்கும். பகலில் நிறுத்தி இரவில் ஓட்டும் அறையில் பெட்டியை வைக்கவே வேண்டாம்.

மலிவான ஈரப்பதமானிகள் பத்துப் புள்ளி வரை பொய் சொல்லும். ஆகவே நான் அவற்றை நம்புவதை விட்டுவிட்டு, பலகாரம் செய்யும் மின்தராசை நம்புகிறேன். மயில் முட்டை ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். வைக்கும் நாளன்று ஒவ்வொரு முட்டையையும் நிறுத்து, எடையை ஓட்டின்மேல் எழுதிவிடுங்கள். 25 நாள்களில் அது 13 முதல் 15 விழுக்காடு வரை இளைக்க வேண்டும். 100 கிராம் முட்டை என்றால் 14ஆம் நாள் 92 கிராமை ஒட்டியும், 25ஆம் நாள் 86ஐ ஒட்டியும் நிற்க வேண்டும். 14ஆம் நாள் 96 காட்டினால் தண்ணீரை முற்றிலும் வடித்து, காற்றுத் துளைகளைத் திறந்து, பெட்டியை இன்னும் வறண்ட அறைக்கு மாற்றுங்கள். 89 காட்டினால் சிறிது தண்ணீர் விடுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்றவை எளிது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசிறியுள்ள பெட்டியில் வெப்பம் 37.5 டிகிரியில் அசையாமல் நிற்க வேண்டும்; அரை டிகிரி கூடுவது அரை டிகிரி குறைவதைவிடக் கெடுதல். முட்டையைப் படுக்க வைத்து, நாளுக்கு ஐந்து முறையாவது புரட்ட வேண்டும். கையால் புரட்டுபவர்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் புரட்டினால், நீண்ட இரவில் முட்டை ஒவ்வொரு நாளும் வேறு பக்கம் படுத்திருக்கும். பத்தாம் நாள் இருட்டறையில் டார்ச் ஒளியில் பாருங்கள். சிலந்தி போல நரம்பு ஓடியிருந்தால் கரு வளர்கிறது. மயில் முட்டையின் ஓடு தடித்தது என்பதால் ஏழாம் நாளிலேயே பார்த்து ஏமாந்து தூக்கி எறிந்துவிடாதீர்கள். 25ஆம் நாள் புரட்டுவதை நிறுத்தி, அப்போதுதான் இரண்டு வாய்க்காலையும் நிரப்பி ஈரப்பதத்தை 65, 70க்கு உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டின் உட்சவ்வு காய்ந்து குஞ்சை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். முதல் கீறல் விழுந்த பிறகு குஞ்சு வெளியே வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அந்த நேரத்தில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் இத்தொழிலில் மிகக் கடினமான வேலை. உங்கள் மகளிடம் அந்தப் பொறுப்பை ஒப்படையுங்கள். மூடியைத் தொட யாரையும் விடமாட்டாள்.

*முட்டைகள் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதால், ஒரே தொகுதியாக வைக்கச் சேர்த்து வைக்கிறேன். ஐஸ் பெட்டியில் வைக்கலாமா?*
– வாசகர், சுங்கை பாக்காப்

வேண்டாம். ஐஸ் பெட்டியின் 4 டிகிரியில் கரு இறந்துவிடும். மேசைமேல் வைப்பதும் சரியன்று: 30 டிகிரி அறையில் கரு அரைகுறையாக விழித்து, வளரவும் முடியாமல் உறங்கவும் முடியாமல் தளர்ந்துவிடும். 15 டிகிரியை ஒட்டிய இடம் கிடைத்தால் ஒரு வாரம் வைக்கலாம். பழைய பானக் குளிர்ப்பெட்டியின் திருகைக் குறைத்து அந்த அளவுக்குக் கொண்டுவருபவர்கள் உண்டு. அதற்கு வழியில்லாதவர்கள் வீட்டின் மிகக் குளிர்ந்த அறையில் கூர்முனை கீழே இருக்கும்படி வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் அடை வைத்துவிட வேண்டும். அழுக்கு முட்டையைக் கழுவாதீர்கள், உலர்ந்த துணியால் துடையுங்கள்.

*கம்போங் கோழி அடைக்குக் கிடக்கிறது. அதற்கு அடியில் மயில் முட்டை வைத்து, குஞ்சுகளையும் அதனோடே மேயவிடலாமா? என் தாத்தா அப்படித்தான் செய்தாராம்.*
– வாசகர், கூலிம் சாலை, புக்கிட் மெர்தாஜாம்

முதல் பாதிக்கு ஆம். இரண்டாம் பாதிக்கு இல்லை. பெரிய உடம்புள்ள கம்போங் கோழி நான்கு மயில் முட்டைகளை நன்றாகவே காக்கும். அதற்கு 21 நாள் கணக்குத்தான் தெரியும் என்பதால் சில கோழிகள் கடைசி வாரத்தில் சலித்து எழுந்துவிடும். இன்குபேட்டர் ஒன்று கைவசம் இருப்பது நல்லது. முட்டை கனமானது, கோழியால் சரியாகப் புரட்ட முடியாமல் போகலாம். தீவனத்துக்கு அது இறங்கும் நேரத்தில் நீங்களே புரட்டி வையுங்கள். என்னைக் கேட்டால் கோழியைவிட இத்திக் செராத்தி என்று மலாய்க்காரர்கள் சொல்லும் வாத்து மேல். அதன் சொந்த முட்டைக்கே 35 நாள் கிடப்பதால், 28 நாள் அதற்கு விளையாட்டு.

குஞ்சுகளைக் கோழியோடு மண்ணில் விடுவதுதான் ஆபத்து. கோழியின் குடலில் இருக்கும் ஒருவகைச் சிறு புழுவின் முட்டைக்குள், ஹிஸ்டோமோனாஸ் என்னும் நுண்ணுயிர் ஒளிந்து பயணம் செய்கிறது. கோழிக்கு அதனால் பெரும்பாலும் தலைவலிகூட வராது. வான்கோழிக்கும் மயிலுக்கும் அது ஈரலைத் துளைக்கும் எமன். கருந்தலை நோய் என்பார்கள். தலை கறுக்கத்தான் வேண்டும் என்பதில்லை. குஞ்சு சிறகைத் தொங்கவிட்டு ஒடுங்கி நிற்பதும், எச்சம் கந்தக மஞ்சளாக இறங்குவதும்தான் அடையாளம். அந்தப் புழுமுட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும், மண்புழுவும் அதைச் சுமக்கும். உங்கள் தாத்தா காலத்தில் ரப்பர்க் காட்டில் பத்துக் கோழி பரந்து மேய்ந்தது. இன்று அதே பத்துக் கோழி ஒரு வேலிக்குள் ஒரே மண்ணைக் கிளறுகிறது. அவருக்குப் பலித்தது நமக்குப் பலிக்காததற்குக் காரணம் அதுவே. அவரும் செத்த குஞ்சுகளை எண்ணி வைத்திருக்கமாட்டார்.

ஆகவே பொரிந்த அன்றே குஞ்சுகளைப் பிரித்து, தரையிலிருந்து உயர்த்திய கம்பி வலைத் தளத்தில், முதல் வாரம் 35 டிகிரி வெப்பத்தில் வைத்து, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து வாருங்கள். வான்கோழிக் குஞ்சுக்கான, 26 விழுக்காடு அளவில் புரதமுள்ள தீவனம் கிடைத்தால் நல்லது. மயில் குஞ்சுக்குத் தின்னக் கற்றுத்தர வேண்டும்: வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துப் போட்டு, விரல் நுனியால் தட்டில் ‘டொக் டொக்’ என்று தட்டிக் காட்டுங்கள். இரண்டாம் நாளுக்குள் புரிந்துகொள்ளும். மூன்று மாதம் கழித்து மண்ணில் விடும்போது, கோழி மிதிக்காத மண்ணாகப் பார்த்து விட்டு, குடற்புழு மருந்துக்கான அட்டவணையை மருத்துவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

*மயிலிறகைப் புத்தகத்தில் வைத்தால் குட்டி போடும் என்று என் தோழி சொன்னாள். ஆண் மயிலின் கண்ணீரைக் குடித்துத்தான் பெண் மயில் முட்டையிடுகிறது என்று பாட்டி சொன்னார். எது உண்மை?*
– ஐந்தாம் ஆண்டு மாணவி, ஜோர்ஜ்டவுன்

இரண்டும் இல்லை கண்ணே. மற்றப் பறவைகளைப் போலவே மயிலும் சேர்ந்துதான் முட்டையிடுகிறது. ஆடி முடித்த ஆண் பெண்ணின் முதுகில் ஏறி இறங்குவது சில நொடிகளில் முடிந்துவிடுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. இறகு குட்டி போடாவிட்டாலும், தோகை முழுவதும் ஆண்டுக்கு ஒருமுறை தானாக உதிர்ந்து மீண்டும் முளைக்கும். மயில் காவடிக்கு இறகு சேர்ப்பவர்கள் மயிலைத் தொடவே வேண்டியதில்லை, கூடை எடுத்துப் பொறுக்கினால் போதும். தோழியிடம் கோபித்துக்கொள்ளாதே, நானும் உன் வயதில் பென்சில் சீவிய தூளை அதற்கு இரையாகப் போட்டு வைத்திருந்தேன்.

*தாமானில் தரை வீடு. பின்புறம் 10 அடி இடமிருக்கிறது. ஒரு ஜோடி வளர்க்கலாம் என்றிருக்கிறேன். பச்சை மயில் ஆண் ஒன்றை நீல மயிலோடு சேர்த்துக் கலப்பினம் எடுக்கலாம் என்றும் ஒருவர் சொல்கிறார்.*
– வாசகர், பிறை

வளர்க்காதீர்கள். முட்டைக் காலத்தில் ஆண் அகவும் ஓசை நான்கு தெருவுக்குக் கேட்கும். அதிகாலை மூன்று மணிக்கும் கேட்கும். உங்கள் அண்டை வீட்டார் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் ஒரு பருவத்துக்கு மேல் தாங்கமாட்டார்கள். போதிய நிலம் உள்ளவர்களும் பறவை வாங்குவதற்கு முன், 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எந்த இனத்துக்கு எந்த அனுமதி வேண்டும் என்பதை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் நேரில் கேட்டு, உள்ளூர் மன்றத்தின் விதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். விற்பவர் வாய்மொழியை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பச்சை மயில் ஒரு காலத்தில் நம் தீபகற்பக் காடுகளில் வாழ்ந்து அற்றுப்போன பறவை. உலக அளவிலும் அருகிவரும் இனம். அதன் இரத்தத்தைக் கலப்பினத்தில் கரைப்பதற்கு நான் வழி சொல்லமாட்டேன். மயிலை அருகில் பார்க்க ஆசையென்றால், செபராங் ஜெயாவில் பினாங்குப் பறவைப் பூங்கா உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

*எல்லா முட்டைகளையும் எடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு பெண் மயில் எவ்வளவு இடும்? பாவமில்லையா?*
– வாசகி, ஆயர் ஈத்தாம்

விட்டுவிட்டால் நான்கு முதல் எட்டு முட்டை வரை இட்டு அடையில் அமர்ந்துவிடும். எடுத்துக்கொண்டே இருந்தால் மீண்டும் மீண்டும் தொடங்கி, நன்றாகத் தீவனம் தின்னும் பெண் ஒரு பருவத்தில் இருபதுக்கு மேலும் இடக்கூடும். முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை. பின்னால் வரும் முட்டைகளின் ஓடு மெலிந்து வருவதைக் கையில் எடுத்தாலே உணரலாம். அந்தச் சுண்ணாம்பு அதன் எலும்பிலிருந்து போகிறது. நான் முதல் ஈட்டை இன்குபேட்டருக்கு எடுத்துக்கொண்டு, இரண்டாம் ஈட்டைப் பெண்ணிடமே விட்டுவிடுவேன். எடுக்கும் முட்டையில் தேதியையும் எடையையும் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை நுண்துளை வழியாக உள்ளே இறங்கும். அடையில் அமர்ந்துவிட்ட பெண்ணின் டயருக்கு இரண்டு முழம் தள்ளித் தீவனத்தையும் தண்ணீரையும் வைத்துவிட்டு, ஆணைத் தடுப்புக்கு மறுபுறம் மாற்றிவிடுங்கள். நாளுக்கு ஒருமுறை, சில நிமிடம் மட்டும் இறங்கி வந்து அவசரமாகத் தின்றுவிட்டுத் திரும்பும். அந்த நேரத்தில் முட்டையை எண்ணிப் பார்க்கப் போகாதீர்கள்.